கூகுளில் உங்கள் கடை தெரிய: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடுவது

சனிக்கிழமை சாயங்காலம். உளுந்து பாதி அரைபட்ட நேரத்தில் கிரைண்டர் நின்றுவிடுகிறது. மோட்டார் சத்தம் கேட்கிறது, டிரம் சுற்றவில்லை. அந்த வீட்டு அம்மா செல்போனை எடுத்து "பக்கத்துல கிரைண்டர் சர்வீஸ்" என்று சொல்கிறார். மேப்போடு மூன்று கடைகள் வருகின்றன. முதல் கடையில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது கடைக்காரர் எடுத்தார், வேலை அவருக்குப் போனது.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, இருபது வருடமாகக் கிரைண்டர் மட்டுமே பார்க்கிற கடை ஒன்று இருக்கிறது. வந்த மூன்றில் அது இல்லை.

எஸ்இஓ என்று சொல்கிற, கூகுள் தேடலில் கடை தெரியச் செய்யும் வேலை எதற்கு என்று கடைக்காரர்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆயிரம் நோட்டீஸ் கொடுத்தால் அதை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் அன்றைக்குக் கிரைண்டர் நின்றிருக்கும்? தேடுகிறவர் வீட்டிலோ நின்றுதான் இருக்கிறது. அவருக்கு உங்கள் நம்பர் கிடைக்கிறதா என்பது மட்டும்தான் மிச்சம்.

கோவை கணபதிப் பக்கம் இருக்கும் அந்தக் கடைக்கு நான் உட்கார்ந்து செய்ததையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். தையல்கடை, பல் கிளினிக், ஹோம் டியூஷன் எதுவானாலும் வரிசை இதுதான். பலரும் ஐந்தாவது படியான வெப்சைட்டில் தொடங்கி, கையில் இருந்த காசை அங்கேயே தீர்த்துவிடுகிறார்கள்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கடைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு. அக்கா பையனுடையதும் வேண்டாம், வேலைக்கு இருக்கிற தம்பியுடையதும் வேண்டாம். இனி செய்யப்போகிற எல்லாமே இந்தக் கணக்கில்தான் தொங்கும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கடைச் சாவியோடு வையுங்கள். மீட்பு எண்ணாக முதலாளியின் செல் நம்பர் இருக்கட்டும்.

மாறாத போன் நம்பர் ஒன்று. பெயர்ப் பலகை. கடைப் பெயரில் ஜிஎஸ்டி சான்றிதழோ, உத்யம் பதிவோ, கடை விலாசம் போட்ட ஈபி பில்லோ இருந்தால் எடுத்து வையுங்கள், எங்காவது கேட்பார்கள். பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று.

1. ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்

கம்ப்யூட்டரைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. இதைச் சொன்னால் எல்லோரும் "அது தெரியாதா" என்று தாண்டிப் போகிறார்கள். பின்னால் தடுமாறுவதும் அவர்கள்தான்.

போனில் கூப்பிடுகிறவர், கடைக்கு வருகிறவர் வாயைத் திறந்ததும் சொல்கிற முதல் வரியை அப்படியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். அந்தக் கடைக்காரர் தன் தொழிலைச் சொல்லச் சொன்னபோது "வெட் கிரைண்டர் சேல்ஸ் அண்ட் சர்வீஸுங்க" என்றார். நோட்டில் ஒரு வாரத்தில் சேர்ந்தது வேறு:

"மோட்டார் ஓடுதுங்க, டிரம் சுத்த மாட்டேங்குது."
"மாவு நைஸா வரமாட்டேங்குது, கல்லு கொத்தணுமா?"
"தொட்டா ஷாக் அடிக்குதுங்க."
"டில்டிங் கிரைண்டருக்கு பெல்ட் கிடைக்குமா?"
"வீட்டுக்கு வந்து பாப்பீங்களா?"

தேடுகிறவரும் இதைத்தான் தேடுகிறார். பெல்ட் தேய்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் டிரம் சுற்றவில்லை என்பதுதான். உங்கள் பக்கத்தில் "பெல்ட் ரீப்ளேஸ்மென்ட்" என்று மட்டும் போட்டால், அவர் சொல்லும் உங்கள் சொல்லும் சந்திக்கவே வழி இல்லாமல் போகலாம்.

வார முடிவில் ஒவ்வொரு வரியையும் மூன்று விதமாகத் தேடிப் பாருங்கள்: தமிழ் எழுத்தில், ஆங்கிலத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக. நம் ஊரில் மூன்றாவது விதத்தில் தேடுகிறவர்கள் ஏராளம். தட்டும்போது கீழே விரிகிற பரிந்துரைகளையும் நோட்டில் சேருங்கள். மக்கள் உண்மையிலேயே தேடுகிற சொற்கள் அங்கே கிடைக்கும்.

செய்யும் தவறு ஒன்று: தன் போனிலேயே கடைப் பெயரைத் தேடி, மேலே வருவதைப் பார்த்து "நம்ம கடைதான் முதல்ல வருது" என்று நிம்மதி அடைவது. பெயர் தெரிந்தவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். பெயர் தெரியாதவர் தேடினால் வருகிறதா என்பதுதான் கேள்வி. அதையும் கடைக்குள் உட்கார்ந்து பார்க்காமல், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சொந்தக்காரரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இடம் மாறினால் வருகிற கடைகளும் மாறும்.

2. கூகுள் பிசினஸ் புரொஃபைல்

மேப்போடு வந்த அந்த மூன்று கடைகளும் வருவது இங்கிருந்துதான். முன்பு கூகுள் மை பிசினஸ் என்று பெயர், 2021-இல் மாற்றினார்கள். முழுக்க இலவசம். இதற்கென்று யாராவது மாதச் சந்தா கேட்டால், அது அவருடைய கூலி. கூகுளுக்குப் போகிற காசு அல்ல.

உள்ளூர்த் தேடலில் கூகுள் பார்ப்பதாகச் சொல்வது மூன்று: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரம் உங்கள் கையில் இல்லை. மற்ற இரண்டுக்கும்தான் நாம் உழைக்கிறோம்.

முதலில் மேப்பில் உங்கள் கடை ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒரு வாடிக்கையாளர் எப்போதோ சேர்த்திருக்கலாம். இருந்தால் அதையே உரிமை கோருங்கள். புதிதாக ஒன்று தொடங்கினால் கடை இரண்டாகப் பிரிந்து, ரிவியூ பழையதிலும் போட்டோ புதியதிலும் சிதறிக் கிடக்கும்.

பெயர்: பலகையில் உள்ளது உள்ளபடி. "பெஸ்ட் கிரைண்டர் சர்வீஸ் கோயம்புத்தூர்" என்று ஒட்டுச் சொற்களைச் சேர்த்தால் சில நாள் மேலே வரக்கூடும். ஆனால் அது விதிமீறல். யாராவது புகார் செய்தால் பெயரைத் திருத்திவிடுவார்கள், புரொஃபைலையே முடக்கவும் செய்வார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்படி முடங்கிப்போன ஒரு கடையைப் பார்த்திருக்கிறேன். திரும்பக் கிடைப்பதற்குள் சீசன் முடிந்துவிட்டது.

வகை: முதன்மை வகைக்குத்தான் எடை அதிகம், நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கடைக்காரர் "எலக்ட்ரிக்கல் ஸ்டோர்" என்று போட்டு வைத்திருந்தார். ஒயரும் சுவிட்சும் கேட்டுத்தான் போன் வந்தது. "அப்ளையன்ஸ் ரிப்பேர் சர்வீஸ்" என்று மாற்றினோம். துணை வகைகள் ஒன்பது வரை சேர்க்கலாம், ஆனால் உண்மையிலேயே செய்கிற தொழிலை மட்டும் சேருங்கள்.

இடக்குறி: மேப்பில் பின்னைக் கடை வாசலில் வையுங்கள். காந்திபுரத்தில் குத்தினால் கூட்டம் வரும் என்று சிலர் செய்கிறார்கள். வருகிறவர் காந்திபுரத்தில் இறங்கி, கடையைக் காணாமல் திட்டி ரிவியூ போடுவார். வீட்டிலிருந்து தொழில் செய்து, நீங்களே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகிறவர் என்றால் விலாசத்தை மறைத்துவிட்டு, போகிற பகுதிகளை மட்டும் குறிப்பிடுங்கள்.

நேரம்: மதியம் சாப்பாட்டுக்குக் கடை சாத்தினால் அதையும் போடுங்கள். பொங்கல், ஆயுத பூஜை, உள்ளூர்த் திருவிழா நாட்களுக்கு விசேஷ நேரம் என்று தனியாக இடம் இருக்கிறது. "திறந்திருக்கிறது" என்று போன் சொல்லி, வந்து பூட்டைப் பார்த்தவர் மறுபடி வரமாட்டார்.

அடுத்தது சரிபார்ப்பு. இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். புதியவர்கள் அதிகம் தோற்பதும் இங்கேதான். வெட்டி ஒட்டாத ஒரே ஓட்டமான வீடியோவில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: கடை இருக்கும் இடம், அங்கே நடக்கும் தொழில், அது உங்களுடையதுதான் என்பது.

நாங்கள் எடுத்த விதம் இது. தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி, பக்கத்துப் பேக்கரியைக் காட்டி, நடந்தபடியே கடைப் பலகைக்கு வந்தோம். பிறகு அவரே சாவி போட்டு ஷட்டரைத் தூக்கினார். உள்ளே கழற்றிப் போட்ட டிரம், பெல்ட் தொங்கும் கொக்கி, பில் புத்தகத்தில் கடைப் பெயர். ஒன்றரை நிமிடம் ஆனது. முதல் முறை அவர் மகன் எடுத்த வீடியோ திருப்பி அனுப்பப்பட்டிருந்தது; உள்ளே மட்டும் எடுத்திருந்தான், தெருவே இல்லை. யாருடைய முகத்தையும், வங்கி விவரத்தையும் காட்டாதீர்கள். அனுப்பிய பின் ஐந்து வேலை நாள் வரை ஆகலாம். அதுவரை பெயரையும் விலாசத்தையும் தொடாதீர்கள்.

போட்டோக்களுக்கு ஸ்டூடியோ வேண்டாம். பகல் வெளிச்சத்தில் கடை முகப்பு ஒன்று, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று, வேலை நடக்கும்போது சில. கொத்துவதற்கு முன்னும் பின்னும் அதே கல்லை எடுத்துப் போட்டோம். வழவழவென்று தேய்ந்த கல்லும், புள்ளிபுள்ளியாகக் கொத்திய கல்லும் அருகருகே. போன் செய்தவர்களில் சிலர் "அந்தக் கல்லு போட்டோ பாத்தேனுங்க" என்றுதான் பேச்சையே தொடங்கினார்கள்.

3. ரிவியூ கேட்பது எப்படி

வேலை முடிந்து, கிரைண்டரை ஓடவிட்டுக் காட்டி, அவர் முகம் மலர்கிற அந்த நிமிடத்தில் கேளுங்கள். புரொஃபைலில் ரிவியூவுக்கான லிங்க் கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் அங்கேயே அனுப்புங்கள். இரவு அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டால் அவர் மறந்துவிடுவார், நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

"அஞ்சு ஸ்டார் போடுங்க" என்று கேட்காதீர்கள். "என்ன ரிப்பேர், என்ன செஞ்சோம்னு ரெண்டு வரி எழுதுங்க" என்று கேளுங்கள். அடுத்து படிக்கிறவருக்கு நட்சத்திரத்தைவிட, "டிரம் சுத்தலை, அரை மணி நேரத்தில் பெல்ட் மாற்றிக் கொடுத்தார்கள்" என்ற வரிதான் நம்பிக்கை தரும்.

ரிவியூவுக்குத் தள்ளுபடி தருவதும், காசுக்கு வாங்குவதும், திருப்தியானவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் கூகுள் கொள்கைக்கு எதிரானவை. ஒரே நாளில் நாற்பது ரிவியூ விழுந்தால் சந்தேகம் கூகுளுக்கு மட்டுமா வரும், படிக்கிறவருக்கும் வரும்.

மோசமான ரிவியூ வந்தால் அன்றே பதில் எழுதாதீர்கள், மறுநாள் எழுதுங்கள். என்ன நடந்தது, என்ன செய்து தருகிறோம் என்பது மட்டும். அந்தப் பதிலை இனி வரப்போகிற நூறு பேர் படிப்பார்கள்.

4. பெயர், விலாசம், போன்

ஜஸ்ட் டயல், இந்தியா மார்ட், ஃபேஸ்புக், பில் புத்தகம் எல்லாவற்றிலும் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். ஓரிடத்தில் பழைய நம்பர் கிடந்தால் கூகுளுக்கும் குழப்பம், கூப்பிடுகிறவருக்கும் குழப்பம். ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

5. வெப்சைட்: இப்போதுதான்

முதல் நான்கு படியிலேயே பல சின்னக் கடைகளுக்குப் போன் வரத் தொடங்கிவிடும். பிறகு எதற்கு வெப்சைட்? புரொஃபைலில் விளக்கம் எழுத 750 எழுத்துகள்தான் இடம். நோட்டில் இருக்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல அது போதாது. புரொஃபைலோடு கூகுளே இலவசமாகத் தந்த எளிய தளங்களும் 2024 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டன.

டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்கள் பெயரில், கடையின் ஜிமெயிலில் பதிவாக வேண்டும். இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு வேண்டிய ஒரு கடைக்குத் தளம் செய்து கொடுத்தவர், டொமைனைத் தன் பெயரிலேயே எடுத்திருந்தார். மூன்று வருடம் கழித்து அவர் தொழிலை விட்டுப் போனார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவருக்குப் போய், தளம் காலாவதியானது. பலகையிலும் பில்லிலும் அடித்திருந்த முகவரி வேறு யாரிடமோ போய்விட்டது. அந்தக் கடைக்காரர் என் முன்னால் பில் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஒரு சேவைக்கு ஒரு பக்கம். பெல்ட் மாற்றுவது, கல் கொத்துவது, மோட்டார் காயில் கட்டுவது எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் குவித்தால், எந்தத் தேடலுக்கு எதைக் காட்டுவது என்பது தெளிவில்லாமல் போகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பை நோட்டிலிருந்தே எடுங்கள்: "மோட்டார் ஓடுகிறது, கிரைண்டர் டிரம் சுற்றவில்லையா? பெல்ட் மாற்றம் – கணபதி, கோவை". டைட்டில் என்று தளத்தில் ஓர் இடம் இருக்கும். எல்லாப் பக்கத்திலும் அங்கே "ஹோம்" என்றோ கடைப் பெயர் மட்டுமோ இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

பக்கத்துக்குள் கேட்கிறவருக்குப் பதில் இருக்கட்டும். ஏன் இந்தப் பழுது வருகிறது, வீட்டிலேயே பார்க்க முடிந்தது என்ன, கடைக்கு எதைக் கொண்டுவர வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், தோராயமாக எவ்வளவு ஆகும். விலை போடத் தயங்குகிறவர்களிடம் நான் வாதாடுவேன். "இத்தனையிலிருந்து இத்தனைக்குள்" என்று போட்டாலே போதும். வெறும் விலை விசாரிக்கிற போன் குறைந்து, வேலையோடு வருகிற போன் கூடும். ஷாக் அடிக்கிற பக்கத்தில் முதல் வரியாக "உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள்" என்று எழுதினோம். விற்பனைப் பேச்சு அதற்கு அப்புறம்தான்.

தமிழில் எழுதுகிறவர்கள் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. அச்சகத்தில் நோட்டீஸுக்கு அடித்த வாசகத்தை அப்படியே தளத்தில் ஒட்டுவது. அது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். கூகுளுக்கு அதில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. சோதிப்பது எளிது: வாசகத்தை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோடு, எங்கும் தமிழாகவே தெரியும் எழுத்து முறை. கிறுக்கலாக வந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகு ஏற்றுங்கள்.

அதேபோல நோட்டீஸையே படமாகப் போட்டு முழுப் பக்கத்தையும் நிரப்பாதீர்கள். எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். போன் நம்பரும் தொட்டால் டயல் ஆகிற மாதிரி இருக்க வேண்டும்.

ஆங்கிலத்திலும் பக்கம் வேண்டுமென்றால் தனிப் பக்கமாக, ஆள் உட்கார்ந்து எழுதியதாக இருக்கட்டும். ஒவ்வொரு பேட்டைக்கும் பெயரை மட்டும் மாற்றி, ஒரே வாசகத்தில் நாற்பது பக்கம் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். பீளமேட்டுப் பக்கத்திலும் சிங்காநல்லூர்ப் பக்கத்திலும் படிக்க வேறு வேறாக ஒன்றும் இல்லையென்றால் அது குப்பைதான்.

6. கூகுளுக்குக் கதவு திறந்திருக்கிறதா?

கூகுள் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் "site" என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். பக்கங்கள் வந்தால் சரி. தளம் போட்டுச் சில வாரம் ஆகியும் ஒன்றுமே வரவில்லை என்றால் கதவு சாத்தியிருக்கலாம்.

வேர்ட்பிரஸ் தளமானால் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் வராமல் தடுக்கச் சொல்லும் ஒரு பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது அதில் டிக் போட்டு, முடித்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். எட்டு மாதம் அப்படியே கிடந்த தளத்தைப் பார்த்திருக்கிறேன். அதுவரைக்கும் எழுதிய ஒரு பக்கத்தைக்கூட வெளியில் யாரும் பார்க்கவில்லை.

பிறகு சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள். உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் கருவி அது. இதுவும் இலவசம். டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் என்ற அமைப்புப் பகுதியில் ஒரு வரி ஒட்டச் சொல்வார்கள். தெரியாவிட்டால் தளம் செய்தவரை உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள், ஆனால் கணக்கு கடையின் ஜிமெயிலாக இருக்கட்டும். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பைச் சமர்ப்பியுங்கள். புதுப் பக்கம் போட்டால் அதன் முகவரியைச் சோதித்து, சேர்க்கச் சொல்லிக் கோரலாம். ஒருமுறை கேட்டால் போதும். தினம் கேட்பதால் வேகம் கூடாது.

7. போனில் திறந்து பாருங்கள்

கூகுள் உங்கள் தளத்தைப் பார்ப்பது மொபைல் வடிவத்தில்தான். வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், விலை குறைந்த போன் ஒன்றில் திறங்கள். முக்கியமான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிவது நல்ல அளவு என்கிறது கூகுள். தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம், கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றிய படங்கள். சுருக்கி ஏற்றுங்கள்.

8. மாதம் ஒருநாள் கணக்குப் பார்ப்பது

சர்ச் கன்சோலில் எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று வரும். 16 மாதக் கணக்கு வரை இருக்கும். தினமும் பார்த்து மனதை அலைய விடாதீர்கள், மாதம் ஒருமுறை போதும்.

அதிகம் காட்டப்படுகிறது, தொடுகிறவர் குறைவு என்றால் தலைப்பைத் திருத்துங்கள். தேடியவர் சொல் தலைப்பில் இல்லாமல் இருக்கும். காட்டப்படவே இல்லை என்றால் அந்தக் கேள்விக்கு உங்களிடம் பக்கமே இல்லை, அல்லது இருக்கிற பக்கம் மற்றவர்களுடையதைவிட மெலிந்தது. நீங்கள் நினைத்தே பார்க்காத சொல்லுக்குக் காட்டப்பட்டிருந்தால் நோட்டில் எழுதுங்கள். "தேங்காய் துருவி மாட்டும் கிரைண்டர்" என்ற தேடல் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. அதற்கொரு பக்கம் எழுதினோம்.

இதோடு கடையில் ஒரு பழக்கம் வேண்டும். புதிதாகக் கூப்பிடுகிறவரிடம் "எங்கே பார்த்துக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டு நோட்டில் ஒரு கோடு போடுங்கள். தளத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள் என்பதைவிட, அந்தக் கோடுகள்தான் உங்கள் வருமானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கணக்கு.

சில மாற்றம் சில மணி நேரத்தில் தெரியும், சிலவற்றுக்குப் பல மாதம் ஆகும். மூன்றாவது வாரம் பொறுமை இழந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டால், எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தேதியை எழுதி வையுங்கள்.

9. ஆள் வைப்பதற்கு முன்

தளம் கொஞ்சம் வளர்ந்ததும் போன் வரும்: "சார், முதல் இடத்துக்குக் கேரண்டி." யாராலும் அந்த உறுதியைத் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குக் காசு கட்டினாலும் சாதாரணத் தேடல் வரிசையில் இடம் உயராது, இரண்டும் தனித்தனி. "மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு ஐயாயிரம் லிங்க் போட்டுத் தருகிறோம்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காசுக்கு வாங்கிய லிங்க் கூகுளின் ஸ்பேம் கொள்கையை மீறுவது, அதன் பழி உங்கள் டொமைனில்தான் விழும்.

நல்ல ஆளும் இருக்கிறார்கள். அடையாளம் காண நான் கேட்கச் சொல்வது மூன்று கேள்வி. எந்தப் பக்கத்தில் என்ன மாற்றப் போகிறீர்கள், ஏன்? மாதா மாதம் செய்ததை எழுதித் தருவீர்களா? கணக்கெல்லாம் என் ஜிமெயிலில் இருக்க, உங்களைக் கூடுதல் ஆளாக மட்டும் சேர்த்தால் சம்மதமா?

மூன்றாவதற்குத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். சம்மதித்தவரிடம் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டாம். புரொஃபைலில் மேனேஜர் என்றும், சர்ச் கன்சோலில் பயனர் என்றும் அவர் மெயிலைச் சேர்க்க வழி இருக்கிறது. வேலை முடிந்த அன்றே அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.